சங்கத்துப் பொங்கலும் என் காய்ச்சலும்

என் சாவுக்கு வந்த முதல் இரங்கலை நானே படித்தேன். ஆஸ்பத்திரித் தனியறையில், ஒரு கையில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்க, கண்ணாடி இல்லாமல், ஃபோனை மூக்கில் ஒட்டிவைத்துக்கொண்டு படித்தேன். "முருகையா சார் ஆத்மா சாந்தியடையட்டும். நல்ல மனிதர். பொங்கல் அருமையாகச் செய்வார்." அதன் கீழே ஒரு தாமரை, இரண்டு குத்துவிளக்கு, வரிசையாகக் கும்பிட்ட கைகள். நானும் ஒரு கும்பிடு போட்டேன். உடனே வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தர், "சார் ஃபோனை யாரோ யூஸ் பண்ணுறாங்க" என்று எழுதினார்.

இப்போது உடம்பு தேறிவிட்டது. படி ஏறினால் மட்டும் மூச்சு வாங்குகிறது. நடந்ததை எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆனால் என்னைப் பற்றி ஊர் முழுக்க எழுதித் தீர்த்தாயிற்று. நானும் ஒரு தடவை எழுதிவிடுகிறேன்.

நான் கிடர்பூர் துறைமுகத்தில், ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை பார்க்கிறவன். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். மாற்றலாகிக் கொல்கத்தா வந்து, திரும்ப மாற்றல் கேட்க மறந்து, தமிழர்கள் நிறைய இருக்கிற லேக் மார்க்கெட் பக்கத்திலேயே வாடகைக்குத் தங்கிவிட்டேன். எனக்கும் என் மனைவி செல்விக்கும் பிள்ளைகள் கிடையாது. உறவு என்று இருப்பதெல்லாம் இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள்தான். அவ்வளவு பேரும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருந்தோம். மாவு எங்கே நன்றாக இருக்கிறது, ஊருக்குப் போகும் ரயிலில் யாருக்காவது காலி சீட்டு இருக்கிறதா என்பதிலிருந்து, யார் வீட்டுக் கல்யாணம், யார் வீட்டு எழவு வரைக்கும் அதில்தான் வரும்.

குழுவை நடத்தியவர் தாமோதரன் அண்ணாச்சி. தூத்துக்குடிக்காரர். பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு காளிகாட் சந்து ஒன்றில் இரண்டாம் மாடியில் தனியாக இருந்தார். மகன் வெளிநாட்டில். விடிவதற்கு முன்னால் ஒரு ரோஜாப்பூப் படத்தோடு "இனிய காலை வணக்கம்" அனுப்பாவிட்டால் அவருக்குக் காப்பி இறங்காது. நான் "அட்மின் அண்ணாச்சி" என்று கேலி பண்ணுவேன். அவர் என்னை "வே" போட்டுத்தான் கூப்பிடுவார். இத்தனை பெரிய ஊரில் என்னை அப்படிக் கூப்பிட அவர் ஒருத்தர்தான் இருந்தார்.

இங்குள்ள தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் சக்கரைப் பொங்கல் கிண்டுவது பல வருடமாக என் பொறுப்பு. கரண்டியை வேறு ஒருத்தர் தொட விடமாட்டேன். அதற்கு நம்மூர் மண்டை வெல்லம் போடுவதில்லை. இங்கே குளிர்காலத்தில் மட்டும் வரும் ஈச்ச வெல்லம் போடுவேன். வங்காளிகள் நோலேன் குர் என்று உயிரை விடுவார்களே, அதுதான். லேசான புகை வாசனையோடு இருக்கும். அதில் செய்த பொங்கலைத் தின்று பழகிய எங்கள் பிள்ளைகளுக்கு ஊரில் போய்ச் சாப்பிடும் பொங்கல் பிடிக்காது. மார்க்கெட்டில் கிடைப்பதில் சீனியைக் கலக்கிறார்கள் என்பதால், வருடா வருடம் தெற்கு லைன் லோக்கல் ரயிலைப் பிடித்து ஒரு கிராமத்துக்கே போய் வாங்கி வருவேன். சில தடவை அண்ணாச்சியும் துணைக்கு வருவார்.

இந்த வருடம் பொங்கலுக்குப் பத்து நாள் முன்னால் இருவரும் போனோம். பனி விலகாத காலையில், வயல் ஓரத்துப் புதரை ஒட்டி வைக்கோலைப் பரப்பி உட்கார்ந்து, செல்வி கட்டிக்கொடுத்த இட்லியைச் சாப்பிட்டோம். மரம் ஏறுகிறவர் அப்போதுதான் ஈச்ச மரத்திலிருந்து இறக்கிய பச்சை ரசத்தைக் கண்ணாடித் தம்ளரில் கொண்டுவந்து நீட்டினார்.

"பதநி மாதிரியே இருக்குவே," என்றார் அண்ணாச்சி, ஒரே மடக்கில் குடித்துவிட்டு. "குடிச்சுப் பாரும்."

"எனக்குச் சுகர் இருக்கு அண்ணாச்சி. செல்வி கொன்னுபோட்டுருவா."

"அப்ப உம்ம பங்கையும் நான் குடிச்சிருதேன்."

இரண்டாவது தம்ளரையும் குடித்தார். பதநீர் குடித்து வளர்ந்த வாய். சின்ன வயதில் உடன்குடிப் பக்கம் பனங்காட்டில் குடித்ததைச் சொல்லிக்கொண்டே ரயில் வரைக்கும் வந்தார். இந்த இரண்டு தம்ளரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பொங்கல் விழா நன்றாகவே நடந்தது. அண்டாவில் ஒரு பருக்கை மிச்சமில்லை. மறுநாளே எனக்குக் காய்ச்சல். பனியில் அலைந்தது என்று மாத்திரை போட்டுப் படுத்தேன். தலைவலி சாதாரணத் தலைவலியாக இல்லை. கண்ணுக்குப் பின்னால் யாரோ ஆணியை வைத்துத் திருகினார்கள். வெளிச்சம் பட்டால் வாந்தி வந்தது. அந்த வாரத்தில்தான் டிவியில் புது வைரஸ் செய்தி ஓட ஆரம்பித்தது. வௌவாலிடமிருந்து வருகிறது, ராத்திரி ஈச்ச மரத்துப் பானையில் வௌவால் வாய் வைத்த ரசத்தைக் காய்ச்சாமல் குடித்தால் வரும், மூளையில் வீக்கம் உண்டாக்கும், மருந்து கிடையாது என்றார்கள். காய்ச்சிய வெல்லத்தில் பயமில்லை என்றும் சொன்னார்கள். அந்தக் கடைசி வாக்கியத்தை யாரும் காதில் வாங்கவில்லை.

காய்ச்சல் நிற்காமல் நான் பிதற்ற ஆரம்பித்ததும், செல்வி ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறாள். அது எனக்கு நினைவில்லை, அவள் சொன்னது. முகப்பில் இருந்த பெண் வழக்கமான கேள்விகளைக் கேட்டிருக்கிறாள். எங்காவது வெளியூர் போனீர்களா என்று கேட்டதும், என் மனைவி அரிச்சந்திரன் வீட்டுப் பெண் மாதிரி, வெல்லம் வாங்கக் கிராமத்துக்குப் போனதைச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் நாற்காலியோடு பின்னால் நகர்ந்துவிட்டாளாம். கொஞ்ச நேரத்தில் எங்களைச் சுற்றி இருந்த பெஞ்சுகள் காலி. வேறு ஆம்புலன்ஸில் ஏற்றி அரசாங்க ஆஸ்பத்திரியின் தனிமை வார்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

தனிமை வார்டு என்றால் கதவில் சின்னக் கண்ணாடி வைத்த ஓர் அறை. உள்ளே வருகிறவர்கள் தலை முதல் கால் வரை வெள்ளை அங்கி, இரண்டு கையுறை, முகத்துக்கு முன்னால் பிளாஸ்டிக் தடுப்பு. யார் ஆண், யார் பெண், யார் நேற்று வந்தவர் என்று தெரியாது. தொண்டையில் குச்சி விட்டுத் துடைத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். அதை வேறு ஊர் ஆய்வகத்துக்கு அனுப்பி முடிவு வர வேண்டும். முதுகில் ஊசி போட்டு, தண்டுவடத்தைச் சுற்றி ஓடும் நீரைக் கொஞ்சம் எடுத்தார்கள். மூளையில் அழற்சி இருக்கிறதா என்று அதில் தெரியுமாம். முழங்காலை நெஞ்சோடு அணைத்து, வளைந்து, அசையாமல் படுக்க வேண்டும். பிடித்துக்கொண்ட கை யாருடையது என்று தெரியவில்லை. இரண்டு கையுறைக்கு அந்தப் பக்கம் சூடாக இருந்தது. ஆள் தொடுகிற சூடு அது என்று நினைத்து அழுதுவிட்டேன்.

மற்றபடி எல்லாருக்கும் என்னைத் தொட பயம். எனக்கும் என்னைப் பார்த்தால் பயம். அறைக்கு வெளியே உட்கார இடமில்லாமல் செல்வி வராந்தா முனையில் நின்றாள். கண்ணாடி வழியாகக் கையை ஆட்டுவாள். நான் அவளை என் அக்கா என்று நினைத்து, "எருமைக்குத் தண்ணி காட்டினியா?" என்று சத்தம் போட்டேனாம்.

நினைவு கொஞ்சம் தெளிந்தபோதுதான் ஃபோனைக் கேட்டு வாங்கினேன். பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தார்கள். அன்றைக்குத்தான் என் இரங்கலைப் படித்தேன். அதற்கு மேலே திரையை உருட்டிக்கொண்டே போனால், நான் இல்லாத நாட்களில் குழு எப்படி வாழ்ந்திருக்கிறது என்று தெரிந்தது. "சங்கத்தில் சக்கரைப் பொங்கல் சாப்பிட்டவர்கள் யார் யார்?" என்று ஒரு வாக்கெடுப்பு. சாப்பிட்டேன், சாப்பிடவில்லை, ஒரு வாய் மட்டும் என்று மூன்று பதில்கள். அண்டாவை வழித்தவர்கள் எல்லாம் "ஒரு வாய் மட்டும்" போட்டிருந்தார்கள். பொங்கல் கொண்டுபோன தூக்குவாளியை உப்புத் தண்ணீரில் கழுவலாமா, தூக்கி எறிந்துவிடலாமா என்று ஓர் அம்மா கேட்டிருந்தார். எங்கேயோ வெளிநாட்டுக் குகையில் பறந்த வௌவால் கூட்டத்தை எங்கள் வீட்டுப் பக்கத்து ரவீந்திர சரோவர் ஏரி என்று போட்டு ஒரு வீடியோ. வேப்பிலை, பூண்டு, சுக்கு. காய்ச்சல் வந்தால் ஆன்டிபயாட்டிக் தொடக்கூடாது, தொட்டால் வைரஸ் மூளைக்கு ஏறிவிடும் என்று வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் விரலை ஆட்டிச் சொல்லும் இன்னொரு வீடியோ. எங்கள் தெரு ஃபேஸ்புக் பக்கத்தில் எங்கள் வீட்டு வாசலைப் படம் பிடித்துச் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். வட்டத்துக்குள் செல்வியின் செருப்பும் இருந்தது.

இதற்கெல்லாம் தொடக்கமாக ஒரு வாய்ஸ் மெசேஜ். அண்ணாச்சியின் குரல்.

"சொந்தங்களே, எல்லாரும் கவனமா கேட்டுக்கிடுங்க. நம்ம முருகையா, தங்கமான மனுசன், வெல்லம் வாங்கப் போன எடத்துல பச்சை ரசத்தக் குடிச்சிருக்காப்ல. இப்ப அந்த வைரஸ்னு சேத்திருக்காவ. யாரும் பயப்படாண்டாம். ஆனா அவுங்க வீட்டுப் பக்கம் போயிராதீங்க. செல்விகிட்டயும் ஃபோன்ல மட்டும் பேசுங்க."

மூன்று தடவை கேட்டேன். குடித்தது அவர். இரண்டு தம்ளர். கூட வந்ததையே சொல்லவில்லை. எனக்குக் கோபம் வர உடம்பில் தெம்பில்லை. ஆனால் குரலில் ஒரு நடுக்கம் இருந்ததைக் கவனித்தேன். மனுசன் என்னைப் பற்றிப் பயந்து பேசவில்லை. தன்னைப் பற்றிப் பயந்து என் பெயரைச் சொல்லியிருக்கிறார்.

வீட்டில் செல்வி பட்டதை அவள் அப்போது சொல்லவில்லை. வேலைக்கு வரும் பெண்ணை மற்ற வீடுகள் மிரட்டி நிறுத்திவிட்டன. பால்காரர் தெருமுனையோடு திரும்பிவிட்டார். வீட்டுக்காரர் ஃபோன் செய்து, சாவியைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகலாமே என்று அன்பாகக் கேட்டிருக்கிறார். கீழ்வீட்டு ஷம்பா போவ்தி மட்டும், அவரை நாங்கள் அண்ணி முறையில் அப்படித்தான் கூப்பிடுவோம், தினமும் கதவு வளையத்தில் ஒரு பையை மாட்டிவிட்டுப் போவார். சோறும் மீன் குழம்பும் இருக்கும். ஒருநாள் மாட்டிவிட்டுப் போகாமல் நின்று, "செல்வி, கதவைத் திற, பார்க்க வேண்டும்" என்றிருக்கிறார். திறந்ததும் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார். அதைச் சொல்லும்போதுதான் என் மனைவி அழுதாள். வீட்டுக்காரர் சாவி கேட்டதற்கு அவள் அழவில்லை.

என்னைக் காப்பாற்றியது ஒரு சட்டை மாற்றல். தேபொலீனா என்று ஒரு ஜூனியர் டாக்டர். வியர்வையில் நனைந்த என் சட்டையை நர்ஸ் கழற்றும்போது அவர் உள்ளே இருந்தார். என் கையைத் தூக்கி, அக்குளில் எதையோ உற்றுப் பார்த்தார். முகத் தடுப்பை விளக்குப் பக்கம் திருப்பிக்கொண்டு மறுபடி பார்த்தார். சிகரெட் நுனியால் சுட்டதுபோல் ஒரு கறுப்புப் பொருக்கு. வலியில்லை, அரிப்பில்லை, எனக்கே தெரியாது.

"புல்லில் உட்கார்ந்தீர்களா?" என்று வங்காளத்தில் கேட்டார்.

"வைக்கோலில். புதர் ஓரம்."

"இதை முதல் நாளே பார்த்திருக்க வேண்டும்," என்றார். "எல்லாரும் தூரத்தில் நின்று பார்த்துவிட்டோம்."

பிறகு விளக்கினார். ஸ்க்ரப் டைஃபஸ். புதர்க் காய்ச்சல் என்று வைத்துக்கொள்ளலாம். புல்லிலும் புதரிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சியின் குஞ்சு கடிப்பதால் வருவது. கடித்த இடத்தில் இப்படிப் பொருக்குக் கட்டும். காய்ச்சல், தலைவலி, பிதற்றல் எல்லாம் அந்த வைரஸ் மாதிரியே காட்டும். ஆனால் ஒட்டுவாரொட்டி கிடையாது. வழக்கமாக ஏற்றும் ஆன்டிபயாட்டிக்குக்குக் கட்டுப்படாது. டாக்ஸிசைக்ளின் என்று ஒரு பழைய மாத்திரை, எந்தத் தெருமுனை மருந்துக் கடையிலும் இருக்கும், அதைப் போட்டால் அடங்கிவிடும். விட்டுவிட்டால் கிட்னி, நுரையீரல் என்று ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு போய்விடும்.

அந்த மாத்திரையைப் போட்ட மறுநாளே காய்ச்சல் இறங்கியது. வைரஸ் இல்லை என்று ஆய்வக முடிவும் வந்தது. எனக்குப் பசித்தது. ரசம் சோறு வேண்டும் என்று கேட்டேன். அப்போதுதான் தேபொலீனா, "உங்களோடு வேறு யார் உட்கார்ந்தது?" என்று கேட்டார்.

சில நாளாக ரோஜாப்பூ வரவில்லை. குழுவில் அத்தனை சத்தத்துக்கும் நடுவில் காலை வணக்கம் நின்றுபோனதை யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்காமல்தான் இருந்திருக்கிறேன்.

ஃபோன் அடித்தேன். எடுக்கவில்லை. எழுதினேன். "அண்ணாச்சி, இது அந்த வைரஸ் இல்ல. பூச்சிக்கடி. மாத்திரைக்குச் சரியாயிரும். உங்களுக்குக் காய்ச்சல் உண்டா? உடம்புல எங்கயாச்சும் கறுப்பா பொருக்கு இருக்கான்னு பாருங்க." நீலக் குறி வந்தது. வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது. "எனக்கு ஒண்ணுமில்ல. நீரு உடம்பப் பாத்துக்கிடும். நான் கூட வந்தத யார்ட்டயும் சொல்லிராதேயும்வே."

அந்த ஒரு வரியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மனுசனுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. இரண்டு தம்ளரை நினைத்துக்கொண்டு, தனக்கு அந்த வைரஸ்தான் என்று முடிவு கட்டிவிட்டார். எனக்கு நடந்ததெல்லாம் தனக்கும் நடக்கும், வாசலுக்குச் சிவப்பு வட்டம் போடுவார்கள் என்று பூட்டிக்கொண்டு கிடக்கிறார். அந்த வட்டத்தைப் போட ஊருக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தானே.

நான் சொல்லி, செல்வி காளிகாட் போனாள். சந்துக்குள் நுழைந்ததுமே அவளை அடையாளம் கண்டுகொண்டார்கள். பொங்கல் விழாவில் எடுத்த அவள் படம்தான் எல்லார் ஃபோனிலும் சுற்றிக்கொண்டிருந்ததே. மாடிப்படியில் ஏற விடவில்லை. கீழே நின்று கத்தினாள். அண்ணாச்சி பால்கனிக்கு வந்தார். மப்ளர், குரங்குக் குல்லாய், மேலே ஒரு சால்வை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணாச்சி, ஆஸ்பத்திரிக்கு வாங்க. நான் கூட்டிட்டுப் போறேன். அவிய பொழச்சிட்டாவ. உங்களுக்கும் அதான், ஒண்ணும் பயமில்ல."

"எனக்குக் காய்ச்சல் இல்ல தாயி. சும்மா ஜலதோசம். நீ போ. இங்க நிக்காத, ஆளுவ பாக்காவ."

எதிர் ஜன்னல்களில் ஃபோன்கள் படம் பிடித்துக்கொண்டிருந்தன. செல்வி வீடு வந்து சேர்வதற்கு முன்னால் வீடியோ குழுவுக்கு வந்துவிட்டது. "வைரஸ் நோயாளியின் மனைவி வீதி வீதியாக வருகிறார், உஷார்."

இப்போது நான் செய்யக்கூடியது ஒன்றுதான் இருந்தது. அண்ணாச்சியும் என்னோடு வந்தார் என்று குழுவில் எழுதினால், யாராவது நாலு பேர் போய் அவரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். எழுதாதே என்று அவர் கேட்டிருக்கிறார். எழுதினால் எனக்குச் செய்ததை அவருக்குச் செய்வார்கள். எழுதாவிட்டால் செத்துப்போவார். ரசம் சோறு ஆறிக்கொண்டிருந்தது. எழுதிவிட்டேன். வெல்லம் வாங்க இருவரும் போனது, வைரஸ் இல்லை என்ற முடிவு, பூச்சி, பொருக்கு, மாத்திரையின் பெயர் எல்லாம் போட்டு, "தயவுசெய்து யாராவது அண்ணாச்சி வீட்டுக்குப் போங்கள், ஒட்டாது, பயமில்லை" என்று எழுதினேன். குடித்தது யார் என்பதை மட்டும் எழுதவில்லை.

கொஞ்ச நேரத்தில் அண்ணாச்சியே எழுதினார். "நான் எங்கும் போகவில்லை. நலமாக இருக்கிறேன். முருகையாவுக்குக் காய்ச்சலில் நினைவு தப்பிவிட்டது. அவருக்காகப் பிரார்த்திப்போம்."

எல்லாரும் பிரார்த்தித்தார்கள். திரை முழுக்கக் கும்பிட்ட கைகள். ஒருத்தர், "சாகப் போகிற நேரத்திலும் அடுத்தவரை இழுத்துவிடுகிறார் பாருங்கள்" என்று எழுதினார். வௌவால் குகையை நாலு குழுவுக்கு அனுப்பியவர்கள், என் செய்தியை ஒருத்தருக்கும் அனுப்பவில்லை. பூச்சியில் என்ன இருக்கிறது, பயப்படக்கூட ஒன்றுமில்லையே.

நான் தேபொலீனாவிடம் கெஞ்சினேன். சுகாதாரத் துறைக்குத் தகவல் சொல்கிறேன், ஆனால் வர மாட்டேன் என்கிறவரை வீட்டுக்குள் போய்த் தூக்கி வர முடியாது என்றார். அவர்கள் மறுநாள் போனார்களாம். கதவுக்கு உள்ளேயிருந்தே சுகமாக இருக்கிறேன் என்று நல்ல வங்காளத்தில் சொல்லி அனுப்பிவிட்டார். மேனேஜர் குரல் அல்லவா, நம்பிவிட்டார்கள்.

செல்வி விடவில்லை. இங்கே மாடியில் இருக்கிறவர்கள் கயிற்றில் பையைக் கட்டி இறக்கிக் காய்கறிக்காரரிடம் வாங்கிக்கொள்வது வழக்கம். அண்ணாச்சியும் காலையில் அப்படித்தான் பையை இறக்குவார். அவள் முக்காடு போட்டுக்கொண்டு, ஷம்பா போவ்தியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காய்கறிக்காரருக்குப் பக்கத்தில் நின்றாள். பை இறங்கியதும் மாத்திரை அட்டையை அதில் போட்டாள். எப்படிச் சாப்பிட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிச் சுற்றியிருந்தாள். பை மெதுவாக, நின்று நின்று மேலே போனதாம். எனக்கு ஃபோன் செய்து, "எடுத்துக்கிட்டாவ" என்றாள். அன்றைக்கு நான் நன்றாகத் தூங்கினேன்.

என்னை வீட்டுக்கு அனுப்பிய நாள் காலையில், சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டு வார்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். செல்வி டிஸ்சார்ஜ் தாள் வாங்க உள்ளே போயிருந்தாள். ஒரு ஸ்ட்ரெச்சர் வந்தது. தள்ளுகிறவர்கள் வெள்ளை அங்கியில் இருந்தார்கள். குரங்குக் குல்லாயைப் பார்த்துத்தான் அடையாளம் கண்டேன். முகம் வீங்கி, மஞ்சள் பூத்து, வேறு யாரோ மாதிரி இருந்தது. இரண்டு நாளாகப் பை இறங்கவில்லை என்று காய்கறிக்காரர் சத்தம் போட்டு, கதவை உடைத்திருக்கிறார்கள்.

"அண்ணாச்சி," என்று கூப்பிட்டேன். "அண்ணாச்சி, நான்தான்."

கண் இமை அசைந்த மாதிரி இருந்தது. ஸ்ட்ரெச்சர் குலுங்கியதாகவும் இருக்கலாம்.

பொருக்கு அவருக்கு முழங்காலுக்குப் பின்னால் இருந்தது. தேபொலீனா வந்ததும் முதலில் அதைத்தான் தேடினாராம். அதே மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். மூச்சுக்கு மெஷின் வைத்தார்கள். கிட்னி நின்றுவிட்டது. மகன் விமானத்தில் இருக்கும்போதே முடிந்துவிட்டது. அவருக்கும் வைரஸ் இல்லை என்று பிறகு முடிவு வந்தது.

கேவடாதலா சுடுகாட்டுக்கு மகனும், நானும், செல்வியும், ஷம்பா போவ்தியின் கணவரும், பேங்கில் கூட வேலை பார்த்த ஒரு வங்காளியும் போனோம். குழுவிலிருந்து யாரும் வரவில்லை. தாமரைப் படங்கள் வந்தன. இந்தத் தடவை ஆள் நிஜமாகவே போயிருந்தார்.

வீட்டைக் காலி செய்ய மகனுக்கு உதவினோம். சமையல்கட்டில் அந்தப் பை தொங்கியது. உள்ளே மாத்திரை அட்டை. ஒரு குழிகூட உடைக்கப்படவில்லை. செல்வி சுற்றிய தாள் மட்டும் பிரிக்கப்பட்டு, மறுபடி மடிக்கப்பட்டிருந்தது. மேடையில் ஒரு தம்ளரில் நிலவேம்புக் கஷாயம் பூசணம் பூத்திருந்தது. ஆன்டிபயாட்டிக் தொடக்கூடாது என்ற அந்த வீடியோவைக் குழுவில் போட்டதும் அவர்தான். அதை நம்பினாரா, அல்லது மாத்திரையைப் போட்டால் காய்ச்சலை ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று நினைத்தாரா, அல்லது எழுந்து தண்ணீர் எடுக்க முடியவில்லையா, எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதினால் நானும் ஃபார்வர்ட் அனுப்புகிறவன் ஆகிவிடுவேன். செல்வி அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "வாசிச்சிருக்காவ பாருங்க," என்றாள். "வாசிச்சிட்டு மடிச்சு வச்சிருக்காவ."

உண்மையை மறுபடி ஒரு தடவை குழுவில் எழுதினேன். இரண்டு பேருக்கும் என்ன நோய், எது காப்பாற்றியது, எது கொன்றது என்று. ஒருத்தர் கட்டைவிரல் போட்டார். அடுத்த செய்தி, ஊருக்குப் போகும் ரயிலில் காலி சீட்டு இருக்கிறதா என்பது. நான் குழுவிலிருந்து வெளியே வந்துவிட்டேன்.

போன வாரம் திருநெல்வேலியிலிருந்து என் சித்தப்பா மகன் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான். மேலே, பலமுறை பகிரப்பட்டது என்ற குறி. "கொல்கத்தாவில் புது வைரஸ், தமிழர் ஒருவரின் எச்சரிக்கை" என்று தலைப்பு. கீழே, "அண்ணே, இதுல வார முருகையா நீங்க இல்லேல்லா?" என்று கேட்டிருந்தான்.

தட்டினேன். அடுப்படியிலிருந்த செல்வி திரும்பிப் பார்த்தாள். "சொந்தங்களே, எல்லாரும் கவனமா கேட்டுக்கிடுங்க. நம்ம முருகையா, தங்கமான மனுசன்..."

"அதை அழிச்சுப் போடுங்க," என்றாள் செல்வி. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் அழிக்கவில்லை. என்னை ஊரை விட்டுத் தள்ளிவைத்த குரல்தான். இரண்டு தம்ளர் குடித்துவிட்டு என்மேல் போட்ட குரல்தான். ஆனால் ரோஜாப்பூப் படங்களையும் இந்தக் குரலையும் தவிர அவர் எனக்கு விட்டுப்போனது வேறொன்றும் கிடையாது. காலையில் காப்பி குடிக்கும்போது, செல்வி குளிக்கப் போன பிறகு, "நம்ம முருகையா" என்கிற இடம் வரைக்கும் கேட்டுவிட்டு நிறுத்திவிடுகிறேன்.